ஜி.பி.ஏ. 2.18 இருந்தும் நிதி உதவிக்கு எச்சரிக்கை ஏன்?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் ஜி.பி.ஏ., அதாவது மதிப்பெண் சராசரி, 2.18. அவன் படிக்கும் அமெரிக்கக் கல்லூரி கேட்பது 2.0. அப்படியிருந்தும் நிதி உதவிக்கு எச்சரிக்கை வந்திருப்பதால் அலுவலகத்தில் ஏதோ குளறுபடி என்று எழுதியிருக்கிறீர்கள். குளறுபடி இல்லை. நீங்கள் அனுப்பிய மதிப்பெண் விவரத்தை வரிவரியாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பயப்படவும் வேண்டாம். வந்திருப்பது எச்சரிக்கை மட்டும்தான். ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டருக்கான பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவித்தொகை), அவன் பெயரிலுள்ள கடன் எல்லாம் வழக்கம்போல் வந்துவிடும். இப்போதைக்கு மேல்முறையீடு எதுவும் எழுத வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சலுகை ஒரே ஒரு செமஸ்டருக்குத்தான்.

அமெரிக்க அரசின் நிதி உதவி பெறும் ஒவ்வொரு மாணவனும் படிப்பில் போதிய அளவு முன்னேறுகிறானா என்று கல்லூரி அவ்வப்போது பார்த்தாக வேண்டும், இது சட்டம். எஸ்.ஏ.பி. என்று கல்லூரியின் எச்சரிக்கைக் கடிதத்தில் இருப்பது அதுதான். பெற்றோர் எல்லோரும் ஜி.பி.ஏ.வை மட்டும் பார்க்கிறார்கள். அதோடு இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது: எத்தனை கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) பதிவு செய்தான், அதில் எத்தனையைத் தேறி முடித்தான்? முடித்தது மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான கல்லூரிகளின் விதி.

உங்கள் மகன் டிசம்பரில் முடிந்த ஃபால் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்தான். 8 கிரெடிட்டில் பி வாங்கித் தேறியிருக்கிறான். 3 கிரெடிட் வேதியியலில் எஃப், அதாவது தேறவில்லை. 4 கிரெடிட் கால்குலஸை நவம்பரில் கைவிட்டிருக்கிறான். அதனால் அங்கே டபிள்யூ (பாதியில் விலகியதன் குறி) என்று இருக்கிறது. டபிள்யூ ஜி.பி.ஏ.வில் சேராது. அதனால்தான் 2.18 தப்பித்தது. ஆனால் எடுத்த கிரெடிட் கணக்கில் டபிள்யூவும் சேரும், எஃப்பும் சேரும், பாடத்தை முடிக்காமல் நிற்கும் இன்கம்ப்ளீட்டும் சேரும். 15 எடுத்து 8 முடித்தால் 53 சதவீதம். கடிதம் வந்த காரணம் இவ்வளவுதான்.

செமஸ்டர் தொடங்கியவுடன், பாடங்களை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் நாட்களுக்குள் நீக்கிவிட்டால் அந்தப் பாடம் எந்தக் கணக்கிலும் வராது. அந்தத் தேதி தாண்டிவிட்டால் டபிள்யூதான். கால்குலஸ் பிடிபடவில்லை என்பது அவனுக்கு செப்டம்பர் முதல் தேர்விலேயே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்போதே ஆசிரியரின் அலுவலக நேரத்துக்கும் கல்லூரியின் இலவச டியூட்டரிங் மையத்துக்கும் போயிருக்க வேண்டும். இந்த முறை அதை முதல் வாரத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

விட்ட இரண்டு பாடங்களையும் சேர்த்து 18 கிரெடிட் எடுத்து ஈடுகட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். இந்தக் கணக்கைப் பாருங்கள். 12 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் தேறினால், மொத்தம் 27 எடுத்து 20 முடித்தவன் ஆகிறான், 74 சதவீதம். 15 எடுத்து 12 மட்டும் தேறினால் 30க்கு 20, அதாவது 66.67. உங்கள் கல்லூரியின் விதியில் 67 என்று எழுதி, மேல்நோக்கி முழுமையாக்கவில்லை என்றால், அதுவும் போதாது. 18 எடுத்து 12 தேறினால் 33க்கு 20, 61க்கும் கீழே. மூன்று வழியிலும் அவன் தேறியது அதே 12 கிரெடிட்தான். எடுத்த எண்ணிக்கைதான் அவனைக் காப்பாற்றுகிறது அல்லது கவிழ்க்கிறது. அரசு நிதி உதவிக்கு 12 கிரெடிட்டே முழுநேரப் படிப்பு. பெல் தொகை குறையாது. மாநில அரசோ கல்லூரியோ தரும் ஸ்காலர்ஷிப் தனியாக இருந்தால் அதன் நிபந்தனையைப் பார்த்துவிடுங்கள். சில 15 கிரெடிட் கேட்கும். ஜி.பி.ஏ.விலும் அவை கறாரானவை. உதாரணமாக, ஜார்ஜியா மாநிலத்தின் ஹோப் ஸ்காலர்ஷிப்புக்கு 3.0 வேண்டும்.

எஃப் வாங்கிய வேதியியலை மறுபடி எடுக்கலாம், நிதி உதவியும் கிடைக்கும். புதிய மதிப்பெண் வந்ததும் பழைய எஃப்பை ஜி.பி.ஏ.விலிருந்து நீக்கிவிடும் கல்லூரிகள் உண்டு. கிரெடிட் கணக்கில் மட்டும் இரண்டு முறையும் எடுத்ததாகவே நிற்கும்.

கால வரம்பும் ஒன்று உண்டு. 120 கிரெடிட் பட்டத்துக்கு அதிகபட்சம் 180 கிரெடிட் வரைதான் உதவி. அதற்குள் முடிக்க வழியில்லை என்று தெரிந்தால், 180ஐ எட்டும் முன்பே நிறுத்திவிடுவார்கள். முதலாண்டு மாணவனுக்கு இது இன்றைய கவலை இல்லை. ஆனால் எஞ்சினியரிங்கை விட்டுவிட்டு வேறு மேஜருக்குப் போகலாமா என்று அவன் யோசிப்பதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன்: மாறுவதாக இருந்தால் சீக்கிரம் மாறுவது நல்லது.

ஸ்பிரிங் முடிவிலும் கணக்கு சரியாகவில்லை என்றால் உதவி நின்றுவிடும். பெல் மட்டுமல்ல, அவனுடைய கடன், வொர்க் ஸ்டடி என்னும் பகுதிநேர வேலை உதவி, நீங்கள் உங்கள் பெயரில் வாங்க நினைக்கும் பேரண்ட் பிளஸ் கடன் எல்லாமே நிற்கும். ஒரு செமஸ்டர் வீட்டில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால் தானாகச் சரியாகிவிடாது. ஒன்று, சொந்தப் பணத்தில் படித்து விகிதத்தை உயர்த்த வேண்டும். இல்லையென்றால் மேல்முறையீடு செய்ய வேண்டும். உடல்நலக் குறைவு, நெருங்கிய உறவினரின் மரணம், அதுபோன்ற வேறு அசாதாரணச் சூழல் ஆகியவை ஏற்கப்படும் காரணங்கள். ஏற்றுக்கொண்டால் ஒரு செமஸ்டர் தகுதிகாண் நிலையில் வைப்பார்கள், அல்லது பாடவாரியாகத் திட்டம் வகுத்து அதன்படி நடக்கச் சொல்வார்கள். மறுத்துவிட்டால் கல்லூரியின் முடிவே இறுதி. கல்வித் துறையிடம் முறையிட வழியில்லை.

நான் படித்துப் பார்த்த மேல்முறையீட்டுக் கடிதங்களில் பல, குடும்பத்தின் கஷ்டத்தை இரண்டு பக்கம் விவரித்துவிட்டு, 'இனிமேல் நன்றாகப் படிப்பேன்' என்று முடிந்துவிடுகின்றன. கடிதத்தைப் படித்து முடிவெடுப்பவருக்கு அது போதாது. என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது, இரண்டுக்கும் பதில் வேண்டும். 'அக்டோபர் இரண்டாம் வாரம் தாத்தா காலமானார், 12 நாள் வகுப்புக்குப் போகவில்லை, இறப்புச் சான்றிதழ் இணைத்திருக்கிறேன். இந்த செமஸ்டரில் 12 கிரெடிட்தான் எடுத்திருக்கிறேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் டியூட்டரிங் மையத்தில் பதிவு செய்திருக்கிறேன்.' இப்படி நான்கு வரி எழுதி, சான்றுகளை வைத்தால் அது கடிதம். அவன் கையால், அவன் சொற்களில் எழுத வேண்டும்.

நீங்களும் உங்கள் கணவரும் போன் செய்தபோது பேச மறுத்துவிட்டார்கள் என்று வருந்தியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் கட்டணம் கட்டுகிறவருக்கே தகவல் சொல்லவில்லை என்றால் அவமதிப்பாகத்தான் தோன்றும். ஆனால் 1974இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்தவுடன் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவனுக்குப் போய்விடுகிறது. அவன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால் உங்களிடமும் பேசுவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். அதட்டி வாங்காதீர்கள். கால்குலஸை விட்டதை அவன் உங்களிடம் மூன்று மாதம் மறைத்திருக்கிறான். திட்டு விழும் என்ற பயமே அதற்குக் காரணம் என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிகிறது. அடுத்த பாடம் சிக்கலாகும்போது அவன் முதலில் உங்களிடம் வந்து சொல்லும்படி வீடு இருந்தால், டபிள்யூ விழும் தேதிக்கு முன்பே ஏதாவது செய்யலாம்.

இந்த வாரம் அவனே நிதி உதவி அலுவலகத்துக்குப் போய் மூன்று கேள்விகள் கேட்கட்டும். விகிதம் 66.67ஆ, 67ஆ? கோடையில் கம்யூனிட்டி கல்லூரியில் ஒரு பாடம் முடித்தால் அந்தக் கிரெடிட்டை ஏற்பார்களா? ஏற்றால் எடுத்ததிலும் முடித்ததிலும் அது சேரும், ஆனால் பதிவு செய்யும் முன்பே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். ஸ்பிரிங்கில் பாடத்தைச் சுவடில்லாமல் நீக்கக் கடைசி நாள் எது? எந்தக் காரணத்தாலும் எல்லாப் பாடங்களையும் ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம். செமஸ்டரில் 60 சதவீத நாட்கள் கழியும் முன் முழுவதுமாக விலகினால், வந்த உதவித்தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். கல்லூரிக் கட்டண பில்லும் உங்கள் தலையில் விழும்.