கடைசி பாஸ்ல பலகை நகருதா?

கேள்வி: அண்ணா, கோத்தகிரில சின்னதா ஒரு சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்ற வழில சுத்துற பிட்டால மரம் வெட்டுற மெஷின்) போட்டு சில்வர் ஓக் பலகைல நேம் போர்டு, கீ செயின் எல்லாம் வெட்டிட்டு இருக்கேன். டபுள் சைடு டேப்தான் ஒட்டுறேன், முக்காவாசி நல்லா போகுது, கடைசி பாஸ்ல, அதாவது பிட் கடைசி அடுக்கை வெட்டுற சுத்துல, பீஸ் நகர்ந்து ஓரத்தை கடிச்சு வச்சிடுது. மழைக்காலத்துல இன்னும் மோசம். இதைவிட ஸ்ட்ராங்கான டேப் ஏதாவது இருக்கா?

பதில்: டேப்பை விடுங்க தம்பி, முதல்ல பிட்டைப் பாருங்க. நீங்க போட்டிருக்கிறது அப்கட்னா அது தூளை மேல இழுத்து தள்ளுறப்போ பலகையையும் சேர்த்துதான் மேல இழுக்கும், மெல்லிசு பலகைக்கு டவுன்கட் போட்டா கீழ அமுக்கிக்கிட்டே வெட்டும், மேல் ஓரமும் பிசிறில்லாம வரும். என்ன, தூள் வெளிய வராம பள்ளத்துலயே அடைஞ்சுக்கும், அதனால பாஸ் ஆழத்தை குறைச்சு தூளை உறிஞ்சிட்டே இருங்க, இல்லன்னா கருகும்.

கடைசி பாஸ்ல மட்டும் ஏன் நகருதுன்னா, அதுவரைக்கும் சுத்தி இருக்கிற பலகைதான் உங்க பீஸை புடிச்சிட்டு இருந்துச்சு, அடி வரைக்கும் வெட்டினதும் அது தனியாளாயிடுது, இத்துனூண்டு கீ செயினுக்கு அடியில எவ்வளவு டேப் இருந்துடப் போகுது சொல்லுங்க. சாஃப்ட்வேர்ல டேப்ஸ்னு (Tabs, ஒட்டுற டேப் இல்ல) ஒரு ஆப்ஷன் இருக்கும், 5 மில்லிமீட்டர் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துல மூணு நாலு இடத்துல பாலம் மாதிரி விட்டுடுங்க. வளைவுல வைக்காதீங்க, நேர் ஓரத்துல வச்சா உளியால தட்டி உப்புத்தாள் போட்டா தடமே தெரியாது.

மழைக்காலக் கதை வேற. பலகைக்கு அடியில மெஷின் மேல போட்டிருக்கிற எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்தி செஞ்ச பலகை) ஈரத்தை குடிச்சு உப்பிடும், அப்புறம் டேப் மேடான இடத்துல மட்டும்தான் ஒட்டும். அகலமான பிட் போட்டு ஒரு தடவை மேலாக்க சீவி விட்டு தூளை சுத்தமா ஊதிடுங்க. அதுக்கப்புறம் எம்டிஎஃப் மேல ஒரு மாஸ்கிங் டேப், பலகை அடியில ஒரு மாஸ்கிங் டேப், ரெண்டையும் அட்டையால நல்லா தேய்ச்சு விட்டு நடுவுல ஃபெவிக்விக். அந்த பசை காத்துல இருக்கிற ஈரத்தாலதான் இறுகும், அதனால நம்ம ஊரு மூடுபனி அதுக்கு ஒண்ணும் பண்ணாது.

நேம் போர்டுக்கு பசைகூட வேணாம், ரெண்டு பக்கம் எல் மாதிரி ரீப்பர் அடிச்சு எதிர்ப்பக்கம் ஆப்பு வச்சு இறுக்குங்க. ரீப்பர் பலகையைவிட தாழ்வா இருக்கணும். இரும்பு கிளாம்ப் வேண்டவே வேண்டாம், பிட் மோதினா உடைஞ்சு தெறிக்கும். கையால புடிச்சுக்கலாம்னு மட்டும் நினைச்சிடாதீங்க.

கேள்வி: ஊட்டில பட்டறை. கோயம்புத்தூர்ல டெமோ பார்த்தேன், பம்பு வச்சு அடியில இருக்கிற காத்தை உறிஞ்சி பலகையைப் புடிக்கிற வேக்குவம் பெட் சூப்பரா புடிச்சுது. வாங்கலாமா சார்?

பதில்: பம்பு இழுக்கிறதால பலகை நிக்கல, மேல இருக்கிற காத்து அமுக்குறதாலதான் நிக்குது. கடல் மட்டத்துல அது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ, 2,240 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊட்டில முக்கால் கிலோவும் கொஞ்சமும்தான், எவ்வளவு பெரிய பம்பு வச்சாலும் அதுக்கு மேல வராது. 30க்கு 10 சென்டிமீட்டர் போர்டுன்னா கணக்குப்படி 230 கிலோவுக்கு மேல வரும், லீக்ல பாதி போனாலும் தாராளம். அதே 5க்கு 5 பீஸுக்கு 20 கிலோகூட தேறாது, அதுவும் மேலேர்ந்து அமுக்குற கணக்கு, பிட் தள்ளுறது பக்கவாட்டுல, அதை தாங்குறது உராய்வு மட்டும்தான். முழு பிளைவுட் ஷீட் வெட்டுறீங்கன்னா வாங்குங்க, சின்ன பீஸ்தான் பொழப்புன்னா மேல கோத்தகிரி தம்பிக்கு சொன்னதே போதும்.