'ந'வைப் பறிகொடுத்த பாம்பு

கேள்வி: என் மகளின் ஆங்கிலப் பாடத்தில் 'ஆடர்' என்றொரு பாம்பு வருகிறது. "கூட்டல் போடுகிற பாம்பா அம்மா?" என்று கேட்கிறாள். அந்தப் பெயர் எப்படி வந்தது? நம் ஊரில் அது உண்டா?
- ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: கூட்டலைக் குறிக்கும் 'ஆட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். பழைய ஆங்கிலத்தில் அது 'நேட்ரே'. எந்தப் பாம்புக்கும் அதுதான் பெயர். ஏதேன் தோட்டத்துப் பாம்புக்கும்கூட. பிறகு 'நாடர்' ஆனது. ஆங்கிலத்தில் 'ஒரு' என்பதற்கு 'எ', உயிரொலிக்கு முன்னால் 'ஆன்'. 'எ நாடர்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் நிற்கும் 'ந' யாருடைய பிள்ளை என்று காதுக்குத் தெரியாது. 'ஆன் ஆடர்' என்று பிரித்துக் கேட்டார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. ஜெர்மானியர்களின் 'நாட்டர்' அந்த 'ந'வை இன்னும் விடவில்லை.

முப்பது ஆண்டு ஆங்கிலம் நடத்தியவன் நான். இரண்டு சொல்லையும் கரும்பலகையில் இடைவெளி விடாமல் எழுதி, "எங்கே வெட்டுவாய்?" என்று சாக்பீஸை நீட்டுவேன். வகுப்பு இரண்டு கட்சியாகிவிடும். 'ஏப்ரன்' கூட முன்பு 'நாப்ரன்' தான். அதன் உடன்பிறப்பு 'நாப்கின்' எப்படியோ தப்பித்துக்கொண்டது. 'நிக்நேம்' நேர்மாறு: 'ஈக்நேம்' ஆக இருந்து, முன்னால் நின்ற சொல்லிடமிருந்து 'ந'வைத் திருடிக்கொண்டது. ஆரஞ்சும் ஆங்கிலத்தில்தான் 'ந'வை இழந்தது என்று பல ஆண்டுகள் தவறாகவே சொல்லிக்கொடுத்தேன். நம் நாரத்தைக்கு உறவான அந்தச் சொல், ஆங்கிலத்துக்கு வருமுன்பே ஐரோப்பாவில் 'ந'வைத் தொலைத்துவிட்டது. என் பழைய மாணவர்கள் மன்னிக்கவும்.

பாம்புக்கு வருவோம். இது விரியன் இனம். பிரிட்டனில் இயற்கையாக வாழும் ஒரே நச்சுப்பாம்பு. அங்கிருந்து ரஷ்யாவின் சகாலின் தீவு வரை பரவியிருக்கிறது. நம் ஊரில் கிடையாது. சுமார் இரண்டடி நீளம், முதுகு நெடுகக் கருப்பு நெளிகோடு, செந்நிறக் கண். குளிர்காலம் முழுக்க வளையில் உறங்கிவிட்டு வசந்தத்தில் வெயில் காய வரும். அப்போது இரண்டு பாம்புகள் உடலை நிமிர்த்திப் பின்னிக்கொள்வதைக் காதல் நடனம் என்று நெடுநாள் நினைத்தார்கள். உண்மையில் இரண்டும் ஆண்கள், பெண்ணுக்காக மல்லுக்கட்டுகின்றன. கடித்தால் சாவது மிக அரிது: பிரிட்டனில் கடைசி மரணம் 1975இல், ஐந்து வயதுக் குழந்தை. விவிலியத்தின் 58ஆம் சங்கீதத்தில் ஆங்கிலத்தார் இந்தப் பெயரை வைத்த இடத்தில், தமிழில் 'செவிட்டுவிரியன்' இருக்கிறது.

ஆடர் முட்டையிடாது, ஆகஸ்ட், செப்டம்பரில் குட்டி போடும். நம் கண்ணாடி விரியனும் அப்படியே. (கட்டுவிரியன் முட்டைதான் இடும், பெயரில் மட்டுமே விரியன்.) தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டுதான் விரியன் குட்டி வெளியே வரும் என்று என் பாட்டி அடித்துச் சொல்வார். 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்து வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டசும் அதையே எழுதிவைத்திருக்கிறார். குட்டிகள் கிழிப்பது தங்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வைத்தான். தாய்க்கு ஒன்றும் ஆவதில்லை.