வெறும் காற்று – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஐந்து பேர் இணையத்தில் பழக்கமானவர்கள். கார்த்திகை பிறந்தால் அவரவர் ஊரில் காலை நடையில் கண்டதை ஒருவருக்கொருவர் எழுதி அனுப்புவோம். டொராண்டோ நண்பர் வாசலில் குவிந்த பனியை வாரிக் கொட்டியதை எழுதுகிறார். ஓஸ்லோவில் ஒன்பது மணிக்கு மேல்தான் விடிகிறதாம். தமிழக-கேரள எல்லையில் கிடக்கும் எங்கள் வேலந்தாவளத்தில் எழுத என்ன இருக்கிறது? குளிர் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, வெறும் காற்றுதான். அதனால் நாள்தோறும் பத்தாயிரம் அடி நடந்த கணக்கை மட்டும் அனுப்புகிறேன். முகம் பாராத இதை நட்பென்று சொல்லலாமா?

ப.

அன்புள்ள ப.,

"வெறும் காற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரமாக இரவில் கதவுக் கொண்டி ஆடும் ஓசையில் விழித்துக்கொண்டு நானும் அந்தக் காற்றைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலந்தாவளத்தில் இருந்துகொண்டு அதை வெறும் காற்று என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பத்தாயிரம் அடிக் கணக்கை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்குப் 'பத்தாயிரம் அடி மானி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலிருந்து பரவிய எண் அது. நண்பருக்கு எழுத அதில் ஒன்றும் இல்லை. ஓஸ்லோவில் எப்போது விடிந்தால் நமக்கென்ன?

மேற்குத் தொடர்ச்சி மலை, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு நமக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். வடகிழக்கு மழை ஓய்ந்தபின் கிழக்கிலிருந்து புறப்படும் காற்று, மற்ற இடங்களில் மலை மறிப்பதால் இந்த வாசலுக்குள் நெருக்கியடித்து நுழைகிறது; அதனால்தான் இத்தனை வேகம். ஆனியிலும் ஆடியிலும் இதே வழியாக மேல்காற்று எதிர்த்திசையில் பாய்ந்து உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. நம் மலையாள அண்டைவீட்டார் இந்தப் பனிக்காலக் காற்றுக்கு விருச்சிகக் காற்று என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய விருச்சிகம் நமக்குக் கார்த்திகை, அவர்களுடைய தனு நமக்கு மார்கழி. நாம் திருவாதிரைக்குக் களி கிண்டுகிறோம் என்றால், அவர்கள் முந்தைய இரவே கிழங்குகளைச் சுட்டு எட்டங்காடி படைக்கிறார்கள். அடுத்த வீட்டில் மாதப் பெயர் சூட்டி அழைக்கிற ஒன்றை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நீங்கள் வெறும் என்கிறீர்கள்.

என் அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, குளிர்காலத்தை அறிவித்தது தேங்காய் எண்ணெய்க் குப்பிதான். எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும். கார்த்திகையில் ஒரு காலை குப்பியின் அடியில் வெள்ளையாகத் திட்டுக் கட்டியிருக்கும். அதைக் கிழக்குச் சன்னலில் வெயிலுக்கு வைப்பார். ஆனால் உருகும்வரை பொறுக்காமல், தென்னை ஈர்க்கை உள்ளே விட்டுச் சுரண்டி, உள்ளங்கையில் தேய்த்து, என் வெடித்த உதட்டில் தடவுவார். பிறகு தூக்குப்போசியோடு பால் சொசைட்டிக்கு நடப்போம். போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். வழியெல்லாம் பனைகள், காய்ந்த ஓலைகள் உரசுகிற ஓசை அப்படியே மழைபோல் இருக்கும், நான் எத்தனையோ முறை வானத்தை அண்ணாந்து பார்த்து ஏமாந்திருக்கிறேன். திரும்பும்போது காற்று எதிரே வரும். "காத்து எம்மேல அடிக்கட்டுஞ் சாமி, நீ பொறகால வா" என்று என்னைப் பின்னால் விட்டுக்கொண்டு நடப்பார். அவர் சேலைக்குப் பின்னால் ஓர் ஆள் அகலத்துக்குக் காற்றே இல்லாமல் இருக்கும். எனக்குக் குளிர்காலம் என்றால் இன்றும் அந்த இடம்தான்.

நட்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூணாறில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவரோடு பதினொரு ஆண்டுகள் எனக்குக் கடிதப் பழக்கம் இருந்தது. கடைசிவரை நேரில் பார்த்ததில்லை. சனவரியில் அங்கே புல்மேல் உறைபனி படியும். அதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, "உங்கள் பனைகள் மழைச் சத்தம் போடத் தொடங்கிவிட்டனவா?" என்று கேட்பார். அந்த ஒரு வரிக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றிருக்கிறேன். அதை நட்பென்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? உங்கள் டொராண்டோ நண்பர் இடுப்பு வலிக்கப் பனி வாரிய கதையை உங்களை நம்பி எழுதியிருக்கிறார், நீங்களோ பதிலுக்கு ஓர் எண்ணை அனுப்பியிருக்கிறீர்கள். அவர் உங்களைச் சிறுமைப்படுத்தவில்லை; நீங்கள்தான் அவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டீர்கள்.

நாளைக் காலை கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுக் கிழக்கு நோக்கி நடந்து பாருங்கள். முகத்தில் மோதுவதை அவருக்கு எழுதுங்கள், உங்கள் வீட்டு எண்ணெய்க் குப்பி எந்தச் சன்னலில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். மாசியில் இந்தக் காற்று தளர்ந்துவிடும், அதற்குள் அனுப்பிவிடுங்கள்.