புள்ளியியல் படிக்காத நூலகர் தரவுப் பயிலரங்கு நடத்தலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு கலைக் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். முதுகலை மாணவர்களுக்குத் தரவுப் பயிலரங்கு நடத்தச் சொல்கிறார் முதல்வர். எனக்குப் புள்ளியியல் தெரியாது. எங்கே தொடங்குவது?

பதில்: தாராளமாக நடத்துங்கள் அம்மா. ஒரு புத்தகம் வந்தால் யார் எழுதியது, எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று பார்க்காமல் நாம் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. எண்களையும் அதே கண்ணோடு பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். யார் எண்ணினார்கள், எப்போது, எந்த எல்லைக்குள்? எக்செல் பாடம் அப்புறம் வரட்டும்.

முதல் ஒரு மணி நேரம் கணினியே வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டத்துக்கு 30,77,233 பேர். இதை இன்றைய மாவட்டத்தின் கணக்காக ஆய்வேட்டில் எழுதிவிடுகிற பிள்ளைகள் நிறைய. தென்காசி பிரிந்தது 2019 நவம்பரில். அதனால் சங்கரன்கோவிலும் ஆலங்குளமும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. 1981 கணக்கை எடுத்தால் தூத்துக்குடியும் உள்ளே. அது தனியானது 1986இல். வரைபடத்தைக் கொடுத்து, எந்த ஆண்டின் எண் எதுவரைக்கும் என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். இந்த ஒன்றுக்கே அரை மணி நேரம் போகும், போகட்டும்.

அடுத்து மழைக் கணக்கு. ஐந்து நாள் அளவைப் பலகையில் எழுதுங்கள்: 12, 0, 18, காலி, 30. காலி என்றால் மழையே இல்லையா, மழைமானியை அன்று யாரும் பார்க்கவில்லையா? காலியிடத்தைப் பூஜ்யமாக எடுத்தால் சராசரி 12. விட்டுவிட்டால் 15. எக்செல் கேட்காமலே விட்டுவிடும். இதை மாணவர்களே கையால் போட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் விடையைச் சொல்லாதீர்கள்.

நேரம் இருந்தால் அணை நீர்மட்டம். முழு மட்டம் பாபநாசம் அணைக்கு 143 அடி, மணிமுத்தாறு அணைக்கு 118 அடி. ஆனால் இரண்டின் கொள்ளளவும் ஏறத்தாழ 5,500 மில்லியன் கன அடிதான். அடியை வைத்துத் தண்ணீரை ஒப்பிடக் கூடாது என்பது சட்டென்று பிடிபடும்.

கணினிப் பகுதியில் ஒரு தொல்லை கட்டாயம் வரும். சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) உள்ள தமிழ், எக்செலில் கிறுக்கலாகத் தெரியும். நேரடியாகத் திறக்காமல், இறக்குமதி செய்து யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். முந்தின நாளே ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள்.

இருபது பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஒவ்வொருவரும் தன் ஆய்வேட்டிலிருந்து ஓர் அட்டவணையைக் கொண்டுவரட்டும். அதன் அடியில் மூலம், ஆண்டு, எல்லை மூன்றையும் எழுதிய பிறகு எழுந்திருக்கட்டும்.