சொந்தக் கடலுக்கே விஞ்ஞானியாகப் போகலாமா?

கேள்வி: பாம்பன் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம் எனக்கு. அம்மா இன்றைக்கும் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறார். கடலடியில் புல்லாக வளரும் கடல்தாழையைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினேன். சில ஆண்டுகளாக வேறு மாநிலத்தில் வேலை. இப்போது நம் மாவட்டத்திலேயே, உயிரினங்களையும் வாழிடங்களையும் பாதுகாக்கும் பிரிவில் மூத்த விஞ்ஞானியாக அழைப்பு வந்திருக்கிறது. அம்மா இதைப் பற்றிப் பேசவே மறுக்கிறார். மாமாவோ, "எங்களப் பிடிச்சுக் குடுக்கத்தான் படிச்சியா?" என்கிறார். எனக்கும் தண்ணீரில் இருக்கத்தான் பிடிக்கும். கூட்டம், கோப்பு என்று உட்கார முடியுமா என்று தெரியவில்லை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும் அக்கா?
- வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எதற்குள் போகிறீர்கள் என்று தெரிந்து போங்கள்.

மாமா கேட்டதை முதலில் எடுத்துக்கொள்வோம். பிடிப்பதும் வழக்குப் போடுவதும் வனத்துறையின் வேலை, கடலோரக் காவல் குழுமத்தின் வேலை. விஞ்ஞானிக்கு அந்த அதிகாரம் இல்லை. இதை அவரிடம் சொல்லுங்கள், ஆனால் இதைக் கேட்டதும் அவர் சமாதானமாகிவிடுவார் என்று நினைக்காதீர்கள். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வந்தன. பாட்டி காலத்திலிருந்து போய்வந்த இடம், ஒரே அறிவிப்பில் போகக்கூடாத இடமாயிற்று. 2001-ல் கடல் அட்டை மொத்தமும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது, அதாவது பிடிக்கவே கூடாது என்றாயிற்று. அதை முங்கி எடுத்துப் பிழைத்த வீடுகளுக்கு அன்றைக்கு அடுத்த வேளைக்கு வழி தெரியவில்லை. ஊரில் வந்து உட்கார்ந்து யாரும் நம்மிடம் கேட்கவில்லையே என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை. மாமா கோபப்படுவது உங்கள் மேல் இல்லை. அந்த வருத்தத்துக்குச் சட்டப் பிரிவைச் சொல்லிப் பதில் தராதீர்கள்.

இனி வேலை. மூத்த விஞ்ஞானி என்பவர் மற்றவர்களைவிட அதிகமாக முங்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். எதை எண்ணுவது, எங்கே எண்ணுவது, எத்தனை ஆண்டு விடாமல் எண்ணுவது என்று முடிவு செய்வதும், இளையவர்கள் கொண்டுவரும் கணக்கில் ஓட்டை இருந்தால் கண்டுபிடிப்பதும்தான் உங்கள் பங்கு. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. அதிகாரி ஒருவர் "ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்கும்போது, இதுவரை தெரியும், இதற்குமேல் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது.

ஆவுளியாவை, அதுதான் கடல்பசுவை, எடுத்துப் பாருங்கள். பெண் ஆவுளியா பத்து வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் முதல் குட்டி போடும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி. அடுத்ததுக்குச் சில ஆண்டுகள் ஆகும். ஒரு தாய் வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்தால், அந்த இழப்பை ஈடுகட்ட எவ்வளவு காலமாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது மேய்வது நீங்கள் படித்த கடல்தாழையை. விசைப்படகு இழுக்கும் மடிவலை கடலடியைப் பெருக்கிக்கொண்டு போனால் அந்த மேய்ச்சல் நிலம் போச்சு. ஆக, ஆவுளியாவைக் காப்பாற்றுவது பற்றி எழுத உட்கார்ந்தால் கரையோரம் மடி இழுப்பதைப் பற்றி எழுதாமல் முடியாது. விசைப்படகுக்காரருக்குப் பிடிக்காது, எழுதித்தான் ஆக வேண்டும். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. அது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதி. அதற்குத் தெற்கே நம் தொண்டிப் பக்கத்துத் தாழைக்கு என்ன ஏற்பாடு? இந்தக் கேள்வியை எழுப்ப உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

இதைவிடச் சிக்கலான கோப்பும் உங்கள் மேசைக்கு வரும். கப்பாஃபைகஸ் பாசி. 1990-களில் வெளிநாட்டு விதையாக மண்டபத்துக்கு வந்தது, 2000-க்குப் பிறகு மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்கும் தொழிலாயிற்று. கணவன் கையை எதிர்பார்க்காமல் பெண்கள் கையில் பணம் புரண்டது அந்தத் தெப்பங்களால்தான். அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. அதே பாசியின் துண்டுகள் அலையில் அடித்துப் போய்க் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்து, வெளிச்சம் புகாமல் மூடியதும் உண்மை. தொண்டிக்கு அருகே வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நட்டிருக்கிறார்கள். தெப்பங்கள் இன்னும் பெருகும். எந்தக் கரையில் கட்டலாம், தீவுகளுக்கு எவ்வளவு தள்ளி, அறுந்த துண்டைப் பொறுக்குவது யார் பொறுப்பு, நம் ஊர்ப் பாசியையே வளர்க்க வழி உண்டா என்று உங்கள் கருத்தைக் கேட்பார்கள். பவளத்துக்காகப் பெண்களையோ பெண்களுக்காகப் பவளத்தையோ கைவிடுகிற பதில் எழுதுவது சுலபம். இடம் இடமாகப் பார்த்து எழுதுவதற்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

பழியைச் சரியான இடத்தில் வைப்பதும் உங்கள் வேலைதான். 2010-லும் 2016-லும் 2024-லும் நம் பவளம் வெளிறியது கடல்நீரின் சூட்டால். மேடையில் யாராவது மீனவர்தான் காரணம் என்றால் எழுந்து மறுத்துச் சொல்லுங்கள். பூவரசன்பட்டித் தீவு தண்ணீருக்குள் போனதில் பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்குப் பங்கு உண்டு. அதையும் ஊர்க்கூட்டத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னால்தான் இரு தரப்பும் உங்களை நம்பும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மரிக்கொழுந்துப் பாசி எது, கட்டக்கோரை எது, கடலடிப் பாறைத் திட்டான எந்தப் பாரில் இந்த ஆண்டு குறைவு என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த ஆய்வறிக்கையிலும் இல்லை. சுரண்டியை விட்டுவிட்டுக் கையால் பறிப்பது, மாதத்தில் சில நாட்கள் மட்டும் இறங்குவது என்று பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது 2015-ல் கிடைத்தது இந்தப் பெண்களை ஒன்றுசேர்த்து நடத்தியதற்காகத்தான். நீங்கள் போகிற துறையில் அம்மாவும் ஓர் ஆள் என்று அவரிடமே சொல்லுங்கள். அவர் சொல்லும் தகவல் உங்கள் அறிக்கையில் வந்தால், யார் சொன்னது என்பதும் சேர்ந்து வரட்டும், அவர் சம்மதத்தோடு.

அதே சமயம் ஒரு கோடு வேண்டும். அம்மாவின் வருமானம் இன்ன தொழிலில் இருந்து வருகிறது என்று சேர்ந்த முதல் நாளே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் ஊர்ப் பாரைப் பற்றிய முடிவில் இன்னொரு விஞ்ஞானியின் கையெழுத்தும் இருக்கட்டும். வழக்கு, பறிமுதல் என்று யார் வந்து கேட்டாலும், சித்தப்பா மகனே ஆனாலும், பேச முடியாது என்று இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அது ஆளுக்குத் தகுந்தாற்போலச் சொன்னதாகிவிடும். வலையில் ஆவுளியா மாட்டினால் வலையை அறுத்து அதை விட்டுவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லலாம், அப்படி விட்டவர்களுக்கு வெகுமதியும் கொடுத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் மாமாவிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தண்ணீரில் இருக்கவே பிடிக்கும் என்றீர்கள். அதை விட்டுவிடாதீர்கள். கடலுக்குப் போகாத விஞ்ஞானியின் அறிக்கையை ஊர்க்காரர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆண்டுக்கு இத்தனை நாள் களத்தில் இருப்பேன் என்பதைப் பணி ஆணையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கூட வரும் படகுக்காரருக்கும் உதவியாளருக்கும் கூலி நாள் தவறாமல் போய்ச் சேருமா என்றும் கேளுங்கள். இதைக் கேட்பதால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

மூன்றாவதாக ஒன்று கேளுங்கள். ஒவ்வொரு ஆய்வின் முடிவையும் தமிழில் எழுதி, சம்பந்தப்பட்ட கிராமத்துக்குக் கொடுக்க அனுமதி உண்டா? முதல் இரண்டில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். இதற்கு இல்லை என்று பதில் வந்தால், அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.