வெயிலில் கறுக்கும் பவர் கண்ணாடி: கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: வயது 47. மருந்து கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. நாள் முழுக்க பைக்கில் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் என்று சுற்றுகிறேன். பவர் மாறியதால் புதுக் கண்ணாடி போட வேண்டும். “போட்டோகுரோமிக் போட்டுக்குங்க சார், வெளியே போனா கூலிங் கிளாஸ், உள்ளே வந்தா சாதா கண்ணாடி” என்கிறார் கடைக்காரர். டார்ச் அடித்தும் காட்டினார், நன்றாகவே கறுத்தது. சாதாரண லென்ஸைவிட 2,800 ரூபாய் அதிகம். வாங்கலாமா?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள். வண்டி ஓட்டும்போது ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை இறக்கி விடுவீர்களா? இறக்கி விடுவீர்கள் என்றால் அந்த 2,800 ரூபாய் பையிலேயே இருக்கட்டும்.

இந்த லென்ஸைக் கறுக்க வைப்பது வெளிச்சம் இல்லை, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர். அது பட்டதும் லென்ஸில் கலந்திருக்கும் சாயத்தின் மூலக்கூறுகள் வடிவம் மாறி, ஒளியை உறிஞ்சத் தொடங்குகின்றன. ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் முன்கண்ணாடி புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடும். காரின் முன்கண்ணாடியும் அப்படித்தான். உச்சி வெயிலில் கண் கூசும், லென்ஸோ வெள்ளையாகவே இருக்கும். காருக்குள்ளும் ஓரளவு கறுக்கிற ரகங்கள் வந்திருக்கின்றன. ஆனால் விலை இன்னும் கூடுதல், வீட்டுக்குள் வந்தாலும் லேசான நிறம் தங்கும்.

அடுத்தது சூடு. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் காட்டிய இடம் ஏ.சி. அறை. புற ஊதா லென்ஸைக் கறுப்புப் பக்கம் இழுக்கும், சூடு வெள்ளைப் பக்கம் இழுக்கும். கயிறு இழுக்கும் போட்டிதான். குளிர்ந்த அறையில் புற ஊதா டார்ச்சைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் ஒரு பக்கம்தான் ஆள் இருக்கிறது. சிவகாசியில் மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு நின்று பாருங்கள், கடையில் பார்த்த கறுப்பு வராது. லென்ஸ் எவ்வளவு கறுக்கும் என்பதை வழக்கமாக அளப்பது 23 டிகிரியில். நம் ஊர் வெயிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

“கண்ணுக்குப் பாதுகாப்பு சார்” என்றும் சொல்லியிருப்பார். உண்மைதான், வெள்ளையாக இருக்கும்போதுகூட இது புற ஊதாவைத் தடுக்கும். ஆனால் சாதாரண பாலிகார்பனேட் லென்ஸும் அந்த வேலையைச் செய்துவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டு கண்ணாடி. புதிய பவரில் ஆன்டி-கிளேர் பூச்சுடன் ஒரு வெள்ளைக் கண்ணாடி. இரவில் எதிரே வரும் லாரி விளக்குக்கும் உதவும். பழைய பிரேம் நன்றாக இருந்தால் அதிலேயே அதே பவரில் சாம்பல் நிறக் கூலிங் லென்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் நிறம் ஏற்ற பெரிய செலவு ஆகாது. இருட்டியதும் மறக்காமல் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வண்டியை நிறுத்திவிட்டு பஜாரில் கடை கடையாக நடக்கிறவர், இரண்டாவது கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுகிறவர் என்றால் கதை வேறு. அவர்களுக்கு போட்டோகுரோமிக் சௌகரியம். வாங்கினால், பில்லில் வெறும் “போட்டோகுரோமிக்” என்று எழுதினால் போதாது. கம்பெனி பெயர், லென்ஸின் ரகம் இரண்டும் இருக்க வேண்டும். லென்ஸ் வந்த உறையையும் கேட்டு வாங்குங்கள். ஒரு லென்ஸில் சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, கடைக்கு வெளியே ஒரு நிமிடம் வெயிலில் பிடித்துவிட்டு, காகிதத்தை எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும். இரண்டு லென்ஸும் ஒரே அளவு கறுத்திருக்கின்றனவா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். சாயம் இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும். அதனால் ஒன்று உடைந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் சரி. இல்லாவிட்டால் ஒரு கண் கறுப்பு, ஒரு கண் பழுப்பு.

கேள்வி: ஊட்டியில் ஆசிரியையாக இருக்கிறேன். மைதானத்திலிருந்து வகுப்புக்குள் வந்தால் என் போட்டோகுரோமிக் கண்ணாடி வெள்ளையாக வெகுநேரம் ஆகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கடையில் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. விருதுநகர்க்காரருக்குக் குறையாக இருப்பது உங்களுக்கு மிகுதியாக இருக்கிறது. குளிரில் லென்ஸ் நன்றாகக் கறுக்கும், வெளுப்பதற்கு நேரம் எடுக்கும். சில நிமிடங்கள் ஆவது இயல்பு. ஜன்னல் ஓரம் நின்று பாடம் நடத்தினால் இன்னும் தாமதமாகும், ஏனென்றால் சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியை உள்ளே விடும். ஆனால் இரவு முழுக்க பெட்டிக்குள் இருந்தும் காலையில் நிறம் மிச்சம் இருந்தால் அது கோளாறு, அல்லது லென்ஸுக்கு வயதாகிவிட்டது. வாரண்டி காலத்துக்குள் என்றால் பில்லுடன் போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். கடையில் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம்.