பைட்டர் மீனுக்கும் குளிரும்

கேள்வி: நுவரெலியாவில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் கண்டியில் ஒரு நீலப் பைட்டர் மீன் வாங்கி வந்தேன். "இதுக்கு ஒண்ணும் தேவையில்ல, போத்தல்ல போட்டாலே இருக்கும்" என்றார்கள். இரண்டு லீட்டர் கண்ணாடிப் போத்தலில் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். முதல் நாள் துள்ளித் திரிந்தது. இப்போது அடியிலேயே படுத்துக் கிடக்கிறது. நிறம் மங்கிவிட்டது, சாப்பாட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அழுக்குச் சேரக் கூடாதென்று தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுகிறேன். இதற்கு என்ன வருத்தம்? பொங்கலுக்குப் பத்து நாள் வீட்டுக்குப் போக வேண்டும். அப்போது என்ன செய்வது?
– மாணவி ஒருவர், நுவரெலியா

பதில்: மகள், உங்கள் மீனுக்குக் குளிருகிறது. மருந்து, சாப்பாடு பற்றி யோசிக்க முன்னம் அதைப் பாருங்கள்.

பைட்டர் தாய்லாந்துப் பக்கத்து வயல் நீரிலும் சதுப்பிலும் வளர்ந்த சாதி. 2019இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அதற்கு 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரை வெதுவெதுப்பு வேண்டும். நீங்கள் இருப்பது 1,868 மீட்டர் உயரத்தில். மார்கழி, தை இரவுகளில் அங்கே புல்லில் உறைபனி விழுவதை நானே பார்த்திருக்கிறேன். மீனின் உடம்புக்குத் தனிச் சூடு கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. தண்ணீர் 15 பாகைக்கு இறங்கினால் சமிபாடு மந்தமாகிறது, நோயை எதிர்க்கும் சக்தி குறைகிறது, செட்டையை அசைக்கவும் தெம்பில்லை. கடையில் சொன்னது கொழும்புச் சூட்டுக்கு ஓரளவு பொருந்தலாம். மலைநாட்டுக்கு அது சரிவராது.

இதை அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் நியமனம் கிடைத்துத் தலவாக்கலைப் பக்கம் அறையெடுத்துத் தங்கியபோது என்னிடமும் ஒரு சிவப்புப் பைட்டர் இருந்தது, உங்களைப் போலவே ஜன்னலோரப் போத்தலில். ஒரு விடியற்காலை பார்த்தேன். அடியிலிருந்து சாய்ந்தபடி மேலே வந்து, ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு, இலை விழுவது போல மெல்ல மெல்லக் கீழே போய்ப் படுத்தது. பைட்டர் செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. மேலே வந்து காற்றையும் எடுக்கும், அதற்கென்றே தலையில் ஓர் உறுப்பு உண்டு. அந்த ஒரு மூச்சுக்காக அது பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. பசி என்று நினைத்து இன்னும் நாலு உருண்டை போட்டேன். மறுநாள் உருண்டைகளைச் சுற்றிப் பஞ்சு போலப் பூஞ்சணம். அதற்கடுத்த நாள் மீன் இல்லை.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது: போத்தலை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து, அகலமான பேசனில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அதற்குள் நிறுத்துங்கள். வெந்நீரைப் போத்தலுக்குள் ஊற்றவே கூடாது. பேசன் தண்ணீர் ஆற ஆற மாற்றி, ஒன்றிரண்டு நாளில் படிப்படியாக 25 பாகைக்குக் கொண்டுவாருங்கள். ஒரேயடியாக ஏற்றினால் அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். குளிரில் அடிபட்ட மீனுக்கு அந்த ஒட்டுண்ணி நோய் சுலபமாகத் தொற்றும். தெரிந்தால் மீன் கடையில் அதற்கென்றே உள்ள மருந்தைக் கேளுங்கள்.

பிறகு 15 லீட்டராவது கொள்ளும் தொட்டி ஒன்று, 50 வோட் ஹீட்டர், ஒரு வெப்பமானி. போத்தல் தண்ணீர் ஒரே இரவில் ஆறிவிடும், 15 லீட்டர் மெதுவாகத்தான் ஆறும். ஹீட்டருக்கு வோர்டன் சம்மதிக்க மாட்டார் என்று பயப்படாதீர்கள். கணக்கைக் காட்டிக் கேளுங்கள்: 1,500 வோட் கேத்தல் பத்து நிமிடத்தில் இழுக்கும் மின்சாரத்தில் இந்த ஹீட்டர் ஐந்து மணி நேரம் எரியும். சூடு வந்ததும் தானாக நிற்கும் ஹீட்டராகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் மாற்றும்போது முதலில் பிளக்கைக் கழற்றி ஆறவிடுங்கள், சூட்டோடு வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும். தொட்டிக்கு மூடி அவசியம். பைட்டர் துள்ளி வெளியே விழும், அதோடு மேலே வந்து எடுக்கும் காற்றும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மூடியில் காற்றுப் போக ஓட்டை இருக்கட்டும்.

கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் வெட்டினார்களே, அப்போது அம்மா தேயிலை மலைக்கு வேலைக்குக் கட்டிப்போன பழைய கம்பளியை எடுத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். மேற்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டேன். மழையிலும் பனியிலும் அம்மாவின் முதுகை மூடிய கம்பளி அது. வெந்நீர் நிரப்பி இறுக்கி மூடிய சின்னப் போத்தல் ஒன்றையும் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஆறியதும் மாற்றினேன். மீன் தப்பியது.

தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுவதை நிறுத்துங்கள். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள், ஆனால் ஒவ்வொரு நாளும் அதைக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் தூக்கிப் போடுவதாகத்தான் அது முடிகிறது. மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். அதை நைத்திரைற்றாகவும், பிறகு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியா தொட்டியின் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறச் சில வாரங்கள் எடுக்கும். புதுத் தொட்டியில் முதல் மாதம் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கால்வாசி, பிறகு வாரம் ஒருமுறை கால்வாசி மாற்றினால் போதும். கல்லைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைக் கலந்து பாவியுங்கள். தோட்டத்துப் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் குளோரின் இராது, ஆனால் எலும்பைக் கடிக்கும் குளிர். எதுவானாலும் வாளியில் கொஞ்சம் வெந்நீர் கலந்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்தே ஊற்றுங்கள்.

மீன் தெம்பாகும் வரை உருண்டை போட வேண்டாம், இரண்டு மூன்று நாள் பட்டினி அதற்கு ஒன்றும் செய்யாது. தேறிய பிறகு காலையில் இரண்டு, மாலையில் இரண்டு.

பொங்கலுக்கு அதைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். விடுதியில் தங்கும் தோழியிடம் ஒப்படையுங்கள். ஆனால் உருண்டை டப்பாவைக் கொடுக்க வேண்டாம், பாசத்தில் அள்ளிக் கொட்டிவிடுவார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்கென ஐந்து கடதாசிச் சுருள் மடித்து, ஒவ்வொன்றிலும் மூன்று உருண்டை வைத்து, மேலே திகதி எழுதிக் கொடுங்கள். ஹீட்டர் வேலை செய்கிறதா என்று தினமும் வெப்பமானியைப் பார்க்கச் சொல்லுங்கள். தோழியிடம் நீங்கள் கேட்க வேண்டிய பெரிய உதவி அதுதான்.

கேள்வி: என் பைட்டர் தொட்டியின் ஒரு மூலையில் நுரை நுரையாக நிற்கிறது. சவர்க்காரம் பட்டிருக்கும், எல்லாவற்றையும் கழுவு என்கிறான் அறைத் தோழன். உண்மையா?
– மாணவர் ஒருவர், பதுளை

பதில்: தம்பி, கழுவ வேண்டாம். சவர்க்கார நுரை பரவி உடைந்துவிடும். ஒரே மூலையில், சின்னச் சின்னக் குமிழிகளாக ஒட்டிக்கொண்டு நாள் கணக்கில் நிற்பது ஆண் மீன் வாயால் ஊதிக் கட்டிய கூடு. பெண் இடும் முட்டைகளை வாயில் பொறுக்கி அந்த நுரைக்குள் வைத்து, குஞ்சு நீந்தும் வரை தகப்பன்தான் காவல் இருக்கும். பெண் இல்லாமலும் கட்டும். அதற்காகத் துணை தேடிக் கொண்டுவந்து போடாதீர்கள். சின்னத் தொட்டியில் பெண்ணையும் கடித்துக் குதறிவிடும், இன்னொரு ஆண் என்றால் சண்டை உயிர் போகும் வரை. பதுளை நுவரெலியாவை விடச் சூடான இடம், உங்கள் மீன் சௌக்கியமாகத்தான் இருக்கிறது போலும். அடுத்த முறை தண்ணீர் மாற்றும்போது அந்த மூலையைத் தொடாமல், எதிர்ப் பக்கத்திலிருந்து சின்னக் குழாய் போட்டு மெதுவாக எடுங்கள்.